மூன்று முறை மட்டும் விழ வேண்டியவர்

கணுக்கால் அடிக்கடி மடங்கும் ஆளை முதல் நாள் நடக்கவிட்டுப் பாருங்கள், அழகாக நடப்பார். வழுவழுப்பான தரை, குளிர்சாதன அறை, எதிரில் வெள்ளைச் சட்டையில் நீங்கள். அங்கே அவருக்குத் தன் காலைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. நீங்களும் திருப்தியாகத் தலையாட்டி அனுப்பிவிடுவீர்கள். கார் நிறுத்துமிடத்தில் மனைவி ஏதோ கேட்பார். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே போகும் மனிதர், கல்லோ பள்ளமோ இல்லாத இடத்தில் விழுவார். திரும்பி வந்து உங்களைத் திட்டமாட்டார். தன் காலைத்தான் திட்டுவார். அதனால் உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தக் கவலை என்னைப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகாவது விடும் என்று நினைத்தேன். விடவில்லை.

பிசியோதெரபி படிக்கும் உங்களுக்காக அனுபவம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். நான்கைத் தேர்ந்தெடுத்து, மூன்றை அடித்துவிட்டேன். மிஞ்சியது சவரிமுத்துவின் கதை. இதில் பிசியோதெரபி கொஞ்சம்தான், ரோமாபுரிதான் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவரிமுத்து ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்காரர். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் வேலை. வயது நாற்பத்தாறு. இளவயதில் தோட்டத்துக் குழுவுக்குப் பந்து விளையாடும்போது இடது கணுக்கால் பிசகியது. எண்ணெய் தேய்த்து, துணி கட்டி, மறுவாரமே மறுபடி விளையாடப் போய்விட்டார். அன்றிலிருந்து அது நினைத்த நேரத்தில் மடங்கும் கால்.

"மடங்கினா வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி பழகிருச்சு சார். வெக்கந்தான் இன்னும் பழகல."

இத்தனை வருடம் வராதவர் இப்போது ஏன் வந்தார் என்று கேட்டதற்குத்தான் கதை வந்தது. முந்தின ஆண்டு அவர் மனைவி லூர்து டிங்கிக் காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்விட்டார். அந்த வராந்தாவில் உட்கார்ந்து சவரி ஒரு நேர்த்தி வைத்தார். லூர்து பிழைத்தால் வருகிற பெரிய வெள்ளியன்று தானே சிலுவை சுமப்பது. லூர்து பிழைத்துக்கொண்டார்.

அவர்களுடைய சிற்றாலயத்தில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைத் தெருவில் நடித்துக்கொண்டே ஊர்வலம் போவார்கள். வழியில் பதினான்கு இடங்களில் நின்று செபிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் தலம் என்று பெயர். இயேசுவாக நடிப்பவர் மரச்சிலுவையைச் சுமந்து நடக்க வேண்டும். மூன்றாம் தலத்தில் ஒருமுறை விழ வேண்டும், ஏழாம் தலத்தில் ஒருமுறை, ஒன்பதில் ஒருமுறை. நான் முருக பக்தன். இதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஒத்திகைல விழுந்துட்டேன் சார்," என்றார் சவரி.

"விழறதுதானே உங்க வேலை? மூணு தடவைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அஞ்சு தடவ விழுந்துட்டேன்."

அவருடன் ஓர் அம்மாள் வந்திருந்தார். ரோசலின் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், ஆண்டுதோறும் அந்த நாடகத்தை நடத்துபவர். மூடிய குடையை முழங்கால்மேல் குறுக்கே வைத்துக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"மூணுன்னா மூணு சார்," என்றார். "நாலாவது தடவ விழுந்தா அத நான் எந்தத் தலத்துல கொண்டுபோய் வைக்கிறது? மாதாவைச் சந்திக்கிற எடத்துல விழுந்துட்டாரு. மாதாவா நடிக்கிற பொண்ணு இவருக்குச் சொந்தக்காரி. பயந்துபோயி 'மாமா, இப்ப இல்ல மாமா'ன்னு கத்திருச்சு. மைக்ல."

சவரி தரையைப் பார்த்தார்.

"கெவின்னு ஒரு பையன் ரெடியா இருக்கான். ஜிம்முக்குப் போறவன். அடுத்த ஒத்திகைல ஒண்ணு கூடினாலும் சிலுவை அவனுக்குத்தான். தாடிகூட அவனுக்குச் சொந்தத் தாடி."

"எனக்கும் வளரும் டீச்சர்."

"எப்ப? எல்லாம் முடிஞ்சு உயிர்ப்பு ஞாயிறுக்கா?"

என் கவலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நம் தொழிலே விழுவதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதுதான். மூன்றை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தை எடுப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அன்றிரவு பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே புரட்டினேன்.

சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனதை வேறு பக்கம் இழுத்துவிட்டு நடையைப் பார்ப்பது உங்களுக்கும் சொல்லித்தரப்பட்டிருக்கும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வோம். கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது தசைநார் மட்டுமல்ல, மூளையும் அதற்கு ஒரு பங்கு கவனம் கொடுக்கிறது. பழுதான கால் அந்தப் பங்கைக் கூடுதலாகக் கேட்கும். மூளைக்கு வேறு வேலை கொடுத்தால் சிலருக்கு நடை விறைத்துப்போகும், சிலருக்குத் தளரும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சவரி வராந்தாவில் அந்த எண்களைச் சொல்லிக்கொண்டே நடந்தார். நடை சீராக இருந்தது. பாதம் பதியும் கோணம், அடியின் நீளம், எதிலும் குறையில்லை. முகத்தில் கவலையே இல்லை. அந்தக் கவலையின்மைதான் எனக்குக் கவலையாக இருந்தது. அதனால் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்களைக் கேட்டேன்.

"சவரி, தொண்ணூத்தி மூணுக்கு அப்புறம் எண்பத்தெட்டா?"

"தப்பா சார்? வாய்க்கு வந்த நம்பரச் சொல்லிட்டே நடக்கணும்னு நெனச்சேன்."

மனிதர் கழிக்கவே இல்லை. அவர் மனது எங்கும் இழுக்கப்படவில்லை, காலிலேயே உட்கார்ந்திருந்தது. இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு உங்களுக்குத்தான் முக்கியம். அவருக்கு எது முக்கியமோ அதுதான் அவர் காலைக் கெடுக்கும். அதைத் தேடி நீங்கள்தான் வெளியே போக வேண்டும்.

போனேன். அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. சிற்றாலயத்துக்கு முன்னால் செம்மண் சாலை, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பழம் ஏற்றிப்போகும் லோரியிலிருந்து உதிர்ந்த பழங்கள் சாலை முழுவதும் கிடந்தன. கோலிக்குண்டுபோல உருளும். நல்ல கணுக்காலுக்கே அது சோதனைதான். இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஊர்வலத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன் போகும். டீச்சர் மைக்கோடு பக்கத்தில் நடப்பார். ஒவ்வொரு தலத்தையும் மூன்று மொழிகளில் அறிவிக்க வேண்டும். பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம், நம்மவர்களுக்குத் தமிழ், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சபா மாநிலத்துக்காரர்களுக்கு மலாய். அந்த வரிசையில்தான் வரும்.

சவரி சிலுவையோடு வந்தார். "தேர்ட் ஸ்டேஷன்" என்றது ஒலிபெருக்கி. சவரி தயங்கினார். முழங்கால் பாதி மடங்கி நின்றது. "மூன்றாம் தலம்" என்பதற்குள் இடது கணுக்கால் உட்பக்கமாக மடங்கி, மனிதர் கோணலாகச் சரிந்தார். கெவினும் இன்னொருவனும் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். "பெர்ஹெந்தியான் கெத்திகா" என்றது ஒலிபெருக்கி. சவரி மறுபடியும் விழுந்தார். இந்த முறை மிக ஒழுங்காக.

"ரெண்டு!" என்றார் டீச்சர், மைக்கில்.

நான் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "என்ன நெனச்சீங்க?"

"எந்த பாஷைல விழறதுன்னு தெரியல சார். இங்கிலீஷ்ல விழுந்துட்டா தமிழ்க்காரங்க இன்னும் ரெண்டாவதுலயே நிப்பாங்க. சரி, தமிழ்ல விழலாம்னு காத்திருந்தா கால் அதுபாட்டுக்கு விழுந்துருது. அப்புறம் மலாய்ல சொல்றாங்க. அப்ப முன்னாடி விழுந்தது சேர்த்தியா இல்லையா?"

"போன ஒத்திகைல மாதாகிட்ட விழுந்தீங்களே?"

"அப்ப எண்ணிக்கிட்டிருந்தேன் சார். இது நாலு, இன்னும் மூணு தாண்டி ஏழு, அப்ப வலப்பக்கம் விழணும், அதுக்கு முன்னாடி சீமோன் வருவாரு, அது விழறது இல்ல, வெரோணிக்கா துணியோட வரும், அதுவும் விழறது இல்ல..."

எங்கே விழக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதற்காகவே அவர் விழுந்துகொண்டிருந்தார். இன்னொன்றையும் கவனித்தேன். வேண்டுமென்று விழும்போது அவர் அபாரமாக விழுந்தார். முதலில் முழங்கால், பிறகு உள்ளங்கை, பிறகு முன்கை, சிலுவை பக்கவாட்டில் சரியும். கணுக்காலில் பாரமே இல்லை. இந்த ஆளுக்கு விழுவதால் ஆபத்தில்லை, எண்ணுவதால்தான் ஆபத்து. எண்ணுவதை வாழ்நாள் பழக்கமாக வைத்திருக்கும் எனக்கு இது கொஞ்சம் மனவருத்தத்தைத் தந்தது.

டீச்சரிடம் போய், சிலுவையைக் கெவினுக்குக் கொடுக்குமுன் இன்னும் ஒரே ஒரு ஒத்திகை கேட்டேன். "கணக்கை இவர் தலையிலேருந்து எடுத்துடணும். வேற யாராச்சும் பக்கத்துல நடந்து, இப்ப விழுங்கன்னு சொல்லணும்."

"பக்கத்துல நடக்கிறவங்க ரோமன் சிப்பாய்ங்க சார். எல்லாம் சின்னப் பசங்க. சாட்டைய ஒரு கைல வச்சிக்கிட்டு இன்னொரு கைல வீடியோ எடுப்பானுங்க. அவனுங்கள நம்பி இயேசுவ விடறதா? நீங்களே வாங்க."

"டீச்சர், நான் இந்து."

"ரோமன் சிப்பாய்ல எவன் கத்தோலிக்கன்?"

சரி என்று தலையாட்டினேன்.

பழைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்குத் தங்கச் சாயம் அடித்து, உச்சியில் துடைப்பத்தின் சிவப்பு நாரை ஒட்டி எனக்குக் கொடுத்தார்கள். ஓர் அளவு பெரியது. திரும்பினால் நான் மட்டும்தான் திரும்புவேன், அது திரும்பாது. தோளில் சிவப்புத் திரைச்சீலை. கையில் ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றில் பின்னிய சாட்டை. ஏற்பாடு எளிமையானது: இடது தோளில் சாட்டை பட்டால் விழ வேண்டும். படாவிட்டால் நடக்க வேண்டும். மொழி கிடையாது, எண் கிடையாது.

"அப்ப மத்த நேரம் நான் என்ன நெனைக்கிறது சார்?" என்றார் சவரி. நல்ல கேள்வி. காலியான மனது என்று ஒன்று கிடையாது. கணக்கை எடுத்தால் அந்த இடத்தில் காலைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் நடையைக் கெடுக்கும்.

"சின்ன வயசிலேருந்து சொல்ற செபம் எதுவும் இருக்கா? யோசிக்காமலே வாயில வர்றது?"

"அருள்நிறை மரியே. தூக்கத்துலயும் சொல்லுவேன். லூர்து திட்டும்."

வராந்தாவில் அதைச் சொல்லிக்கொண்டே நடக்கவைத்தேன். கால் அசையவில்லை என்று சொல்ல முடியாது, நடந்தால் அசையத்தானே செய்யும். ஆனால் மடங்கவில்லை. நன்றாக ஊறிப்போன வேலை மூளையிடம் அதிகம் கேட்பதில்லை. பத்து வரிசை போய்வந்தோம். கட்டில்களில் இருந்த நோயாளிகளில் இரண்டு பேர் கூடவே செபிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த ஒத்திகையில் மூன்று. சரியாக மூன்று. டீச்சர் விரல்விட்டு எண்ணினார். "ரெண்டாவது கொஞ்சம் அழகா விழுந்துட்டாரு. அவ்வளவு அழகு வேணாம்," என்று மட்டும் சொன்னார். கெவினைச் சிலுவை சுமக்க உதவும் சீமோன் ஆக்கினார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. லூர்து வந்து கணவரிடம், "இந்தா, விழறதெல்லாம் இங்கயே விழுந்து முடிச்சிட்டு வா. வீட்டுல வந்து விழாத," என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய வெள்ளி. மதியம் மூன்று மணி வெயில். சுமார் அறுநூறு பேர். நான் சவரிக்கு இடப்பக்கம் நடந்தேன். அவர் உதடு விடாமல் அசைந்தது. மூன்றாம் தலத்தில் சாட்டையைத் தட்டினேன், விழுந்தார். ஏழில் தட்டினேன், விழுந்தார். கூட்டத்தில் வயதான பெண்கள் என்னை மிக மோசமான வார்த்தைகளில் ஏசினார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் என் தலைக்கவசத்தில் பட்டது. எட்டாம் தலத்தில் எருசலேம் பெண்களிடம் பேச வேண்டியதைச் சவரி தடுமாறாமல் பேசினார். ஒன்பதாம் தலம் இன்னும் நாற்பது அடி. அங்கே ஒரு பனையில் எண் பலகை கட்டியிருந்தது.

அப்போது வேன் ஓட்டுநர் இன்னொரு மைக்கை எடுத்தார்.

"மன்னிக்கவும். வெள்ளை மைவி கார், பின்கண்ணாடியில் மாதா படம். பழ லோரி போக வழியில்லை. உடனே எடுக்கவும்."

பிறகு ஆங்கிலத்தில். பிறகு மலாயில். கூட்டத்தில் பாதிப்பேர் பையைத் தடவினார்கள், கூலாயில் வெள்ளை மைவி இல்லாதவர் யார்? ஆனால் என் பக்கத்தில் அசைந்துகொண்டிருந்த உதடு நின்றுவிட்டது.

"சார்," என்றார் சவரி, முள்முடிக்குக் கீழேயிருந்து. "என் காரு."

"நடங்க."

"சாவி உள்ள கால்சட்டைப் பையில இருக்கு சார். நான்தான் அவசரத்துல குறுக்க..."

சொல்லிக்கொண்டே இடது காலை எடுத்துவைத்தார். பாதத்தின் உள்விளிம்பு ஓர் உதிர்ந்த பழத்தின்மேல் பட்டது. கணுக்கால் உட்பக்கம் திரும்பத் தொடங்குவதை நான் பார்த்தேன். இந்த இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கண்சிமிட்டும் நேரம்தான், அதற்குள்தான் எல்லாமே. பிடித்து நிறுத்தலாம். ஆனால் தோளில் அவ்வளவு கனமான மரம், அதோடு பாதி மடங்கிய காலில் ஆளை நிறுத்தினால் மொத்தப் பாரமும் அந்தக் கணுக்காலில்தான் இறங்கும், கிழிந்துவிடும். தவிர ரோமன் சிப்பாய் இயேசுவைக் கட்டிப்பிடிப்பதை அறுநூறு பேர் பார்ப்பார்கள். பிடிக்காமல் விட்டாலோ கோணலாக விழுவார். பிறகு ஒன்பதிலும் விழுந்தால் மொத்தம் நான்கு ஆகிவிடும், கெவின் பின்னாலேயே தாடியோடு நிற்கிறான், நேர்த்தி பாதி வழியில் நின்றுவிடும். இரண்டுமே வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒன்றுதான் இருந்தது.

சாட்டையை ஓங்கி அவர் இடது தோளில் போட்டேன்.

அந்தத் தோள் இத்தனை வாரமாக ஒரே ஒரு பாடம்தான் படித்திருந்தது. யோசிக்காமல் உடம்பு மாறியது. முழங்கால், உள்ளங்கை, முன்கை. சிலுவை பக்கவாட்டில் சரிந்தது. மடங்கத் தொடங்கிய கணுக்காலிலிருந்து பாரம் விலகிவிட்டது. நழுவிக்கொண்டிருந்த மனிதர் மிகச் சிறப்பாக விழுந்து கிடந்தார்.

நான் தலையை உயர்த்தி, தலைக்கவசம் எந்தப் பக்கம் பார்த்ததோ தெரியாது, கத்தினேன்: "ஒன்பது! ஒன்பதாம் தலம்!"

வேன் நின்றது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். நாற்பது அடி தள்ளியிருந்த எண் பலகையைப் பார்த்தார். விழுந்து கிடந்த சவரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவருடைய மாணவனாக இருந்திருந்தால் பெஞ்சின்மேல் ஏறியிருப்பேன். மைக்கை உயர்த்தினார்.

"ஒன்பதாம் தலம்," என்றார். முதலில் தமிழில். பிறகுதான் ஆங்கிலம், மலாய். அறுநூறு பேரும் இருந்த இடத்திலேயே, செம்மண்ணிலும் பழத்திலும் முழங்காலிட்டார்கள். தலம் என்பது பலகை கட்டிய இடமில்லை, அவர் விழுந்த இடம்தான் என்று அந்த அம்மாளுக்கும் அந்தக் கணத்தில் தோன்றியிருக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லவருவதும் ஏறக்குறைய அதுதான். நாம் போட்ட திட்டத்தைக் காப்பாற்ற நோயாளியின் காலை இழுக்காதீர்கள், திட்டத்தை இழுத்துக்கொண்டு போய்க் கால் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

சாவிப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. லோரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாகப் பத்தாம் தலத்தில் சிப்பாய்கள் இயேசுவின் ஆடையைக் களைய வேண்டும். அங்கியைக் கழற்றும் சாக்கில் கால்சட்டைப் பையில் கைவிட்டேன். கைக்குட்டை வந்தது. இருமல் மிட்டாய் ஒன்று வந்தது. பிறகு சாவி. "திருடன்! உருவுறான் பாரு!" என்று ஒரு பாட்டி அலறினார். சாவியைக் கெவினிடம் கொடுத்தேன். சீமோன் அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான். லோரி ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். விவிலியத்திலிருந்து ஒருவன் வந்து மைவியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து "அலாமாக்!" என்று வாயைப் பிளந்தாராம். கெவின் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "சார், ஹேண்ட் பிரேக் போட்டேன்," என்று என் காதில் சொன்னான். அதன்பிறகு அவன் முகம் சுருங்கவில்லை.

மிச்சத் தூரத்தைச் சவரி உதட்டை அசைத்துக்கொண்டே நடந்தார். இடது கால் நொண்டுகிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்தில் நொண்டுவது கதைக்கும் பொருந்தும் அல்லவா? இயேசு நொண்டுகிறாரா, சவரி நொண்டுகிறாரா? அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மேட்டில் சிலுவையை நட்டு, கீழே சிறு பலகையில் அவரை நிற்கவைத்து, கைகளைக் கயிற்றால் கட்டினார்கள். பன்னிரண்டாம் தலம். தலை சாய்ந்தது. கூட்டம் மண்டியிட்டு அமைதியானது. லூர்து முன்வரிசையில் குடையை மடக்கிவிட்டு வெயிலிலேயே நின்று, அழுதுகொண்டிருந்தார்.

சிப்பாய்கள் அடியில் நிற்க வேண்டும். நின்றேன். அந்த இடது கணுக்கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அத்தனை ஆண்டுகளாக நான் குனிந்து குனிந்து பார்த்த உறுப்பு, இப்படி ஒருநாளும் எனக்கு நேரில் வந்து நின்றதில்லை. வெளிப்பக்க எலும்புக்குக் கீழே செம்மண் ஒட்டியிருந்தது. வீக்கம் இருக்கிறதா, மண்ணா என்று தெரியவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் அந்த எலும்புக்கு முன்னாலும் கீழேயும் அழுத்திப் பார்த்தேன்.

பின்னால் பெண்கள் விம்முவது கேட்டது. சிப்பாய் மனம் மாறிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். என்னை ஏசிய அதே குரல்.

மேலேயிருந்து, கண் திறக்காமல், உதடு அசையாமல், மிக மெதுவாக ஒரு குரல் வந்தது.

"வலிக்கல சார்."